பழைய பொருட்களைக் கொண்டு வீட்டு ஒலிப்பதிவு அறையைச் சீர்செய்வது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட ஓர் அறையில் பாட்டும் பேச்சும் பதிவு செய்து, அதே அறையில் ஸ்பீக்கரில் கேட்டு, பதிவுகளைச் சேர்த்துச் சமன்படுத்தும் மிக்ஸிங்கும் செய்ய வேண்டும். கடையில் விற்கும் ஒலியியல் பலகைகளை வாங்கப் பணம் இல்லை. பழைய மெத்தை, போர்வை, துணிமூட்டை, முட்டை அட்டை, எங்கோ பிரித்துப்போட்ட மரச்சட்டங்கள் ஆகியவை கைவசம் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், அதுவும் நன்றாகவே முடியும். சிறிய அறைக்கு மிகவும் தேவைப்படுவது தடிமன். வேண்டாமென்று ஒதுக்கிய பொருட்கள் தாராளமாகத் தருவதும் அதைத்தான். விலை கொடுத்து வாங்குகிறவர் 2.5 சென்டிமீட்டர் ஃபோமைச் சுவரெங்கும் ஒட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார். பழைய துணியை அடுக்குகிறவர் 15 அல்லது 20 சென்டிமீட்டர் வரை அடுக்கத் தயங்கமாட்டார். எதை எங்கே எவ்வளவு தடிமனில் வைக்கிறோம் என்பது தெரிந்திருந்தால், இரண்டாமவருடைய அறையே நன்றாக ஒலிக்கும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வீட்டுக்குச் சத்தம் போகாமல் தடுப்பது ஒரு வேலை. அறைக்குள் ஒலி எப்படி ஒலிக்கிறது என்பதைச் சீர்செய்வது வேறொரு வேலை. ஒலி வெளியேறாமல் இருக்க, சுவருக்கு எடை வேண்டும், காற்றுப் புகாத அடைப்பு வேண்டும், முடிந்தால் ஒன்றையொன்று தொடாத இரண்டு அடுக்குகள் வேண்டும். துணியும் பஞ்சும் இவற்றில் எதையும் தருவதில்லை. கதவடியிலும் சன்னல் ஓரங்களிலும் இருக்கும் இடுக்குகளை ரப்பர் பட்டை கொண்டு அடைத்தால் ஓரளவு பலன் தெரியும். அதற்கு மேல் பழைய பொருட்களை வைத்து இந்தத் திசையில் போவது வீண் உழைப்பு. ஆகவே இனி எழுதுவது முழுவதும் அறைக்குள் நிகழும் ஒலியைப் பற்றியது.

கிடைத்ததை வைத்து அறையைச் சரிசெய்வதை மட்டமான உபாயமாக எண்ணத் தேவையில்லை. அறை ஒலியியல் என்ற துறையே இரவல் வாங்கிய மெத்தைகளில்தான் தொடங்கியது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை மண்டபத்தில் ஒருவர் இயல்பான குரலில் பேசிய சொல் ஏறத்தாழ ஐந்தரை விநாடிக்கு அடங்காமல் முழங்கிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பேச்சே புரியாமல் போயிற்று. அதைச் சரிசெய்யும் பொறுப்பை ஏற்ற வாலஸ் கிளெமென்ட் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர், அதே பல்கலைக்கழகத்தின் சாண்டர்ஸ் அரங்கிலிருந்த இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவந்து மண்டபத்தில் சிறிது சிறிதாகப் பரப்பினார். 512 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமல் மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்த விதத்திலிருந்துதான் இன்றும் நாம் பயன்படுத்தும் சூத்திரம் பிறந்தது: கன மீட்டரில் அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுபரப்பால் (ஒலியை முழுதாக உறிஞ்சும் பரப்பு எத்தனை சதுர மீட்டருக்குச் சமம் என்ற அளவு) வகுத்தால், எதிர்முழக்க நேரம், அதாவது ஒலி நின்ற பின் அதன் முழக்கம் அடங்க ஆகும் நேரம், விநாடியில் கிடைக்கும். இந்தக் கணக்கைப் பின்னால் நம் அறைக்கும் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன், பஞ்சும் துணியும் ஒலியை எப்படி உறிஞ்சுகின்றன என்பதைப் புரிந்துகொள்வது அவசியம், ஏனெனில் எல்லாத் தீர்மானங்களும் அதிலிருந்தே வருகின்றன. ஒலி பரவும்போது காற்று முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவு நார்களுக்கிடையே புகுந்து உரசும்போது அதன் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. காற்று அசையாத இடத்தில் நார் இருந்தும் பயனில்லை. சுவரை ஒட்டிய காற்றுக்கு அசைய இடமில்லை. சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு தள்ளிய இடத்தில்தான் அசைவு உச்சத்தை எட்டுகிறது. ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் என்பதால், 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 34 சென்டிமீட்டர், கால் பங்கு எட்டரை சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அலைநீளம் 3.4 மீட்டர், கால் பங்கு 85 சென்டிமீட்டர். சுவரில் ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் கம்பளம் ஸகர, ஷகர ஒலிகளின் கூர்மையை மழுக்குமே தவிர, ஆண் குரலின் அடிப்பகுதியையோ பேஸ் கிட்டாரையோ அது தொடுவதே இல்லை.

சுவர் முழுவதும் மெல்லிய பொருளை ஒட்டியவர்களின் அறை ஏன் கேட்கச் சகிக்காமல் போகிறது என்பதற்கும் இதுவே விடை. உச்ச ஒலிகள் மட்டும் உறிஞ்சப்பட்டு, கீழ் ஒலிகள் அப்படியே தங்கிவிடுவதால், அறை மந்தமாகவும் அதேசமயம் கும்மென்றும் ஒலிக்கிறது. அத்தகைய அறையில் பதிவான குரலை, கீழ், உச்ச ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்வலைசராலும் முழுமையாக மீட்க முடியாது. எனவே இருக்கிற துணியையெல்லாம் நான்கு சுவர்களிலும் மெல்லியதாகப் பரப்புவதைவிட, சில இடங்களில் மட்டும் தடிமனாகக் குவிப்பதே சரி. நல்வாய்ப்பாக, முழுக் கால் அலைநீளம் வரை அடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு ஆழம் இருந்தாலே உறிஞ்சல் கணிசமாக இருக்கும். துணியோ பஞ்சோ நிறைத்த, 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகையைச் சுவரோடு ஒட்டினால் அது ஏறத்தாழ 350 ஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக வேலை செய்யும். அதே பலகையைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அந்த எல்லை 170 ஹெர்ட்ஸ் அருகே இறங்கிவிடும். பொருள் எதுவும் கூடவில்லை, பின்னால் இருக்கும் காற்றுதான் கூடியது. கையில் பொருள் குறைவாக உள்ளவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

எந்தப் பொருளை எடுத்துக்கொள்வது என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பொருளை வாயோடு சேர்த்துப் பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு சற்றுத் தடைப்பட்டு, ஆனால் மறுபக்கம் வெளிவந்தால் அது உறிஞ்சும். சிறிதும் வெளிவராவிட்டால் அது ஒலியைத் திருப்பி அனுப்பும். தடையே இல்லாமல் போனால் ஒலியும் அப்படியே போய்விடும். பருத்தித் துவாலை, கம்பளிப் போர்வை, ஜீன்ஸ் துணி, பஞ்சு மெத்தை, தென்னை நார் மெத்தை, கிளாஸ் வூல் (கண்ணாடி நார்ப் பஞ்சு), ராக் வூல் (பாறை நார்ப் பஞ்சு) எல்லாம் இதில் தேறும். தெர்மகோல் தேறாது, அதன் குமிழ்கள் ஒவ்வொன்றும் மூடியவை, காற்று உள்ளே நுழைவதே இல்லை. பெட்டிகளில் வரும் விறைப்பான பொதிஃபோமும் பெரும்பாலும் அப்படித்தான். முட்டை அட்டையைப் பற்றிப் பலரும் கேட்பதால் தனியாகச் சொல்கிறேன்: அதன் மேடுபள்ளங்கள் ஸ்டுடியோ ஃபோமின் வடிவத்தை நினைவூட்டுகின்றன, அவ்வளவுதான். மெல்லிய காகிதக்கூழ் என்பதால் நடு, உச்ச ஒலிகளில் ஒரு குறுகிய பகுதியை மட்டும் சிறிது குறைக்கும். கீழ் ஒலிகளுக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்றே. சுவர் முழுவதும் காய்ந்த காகிதத்தை ஒட்டிவைப்பது தீயை அழைப்பதும் ஆகும்.

தீயைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் தி ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், மேடை வாணவேடிக்கையின் பொறி சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பற்றி, 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாந்தா மரியா நகரில் கிஸ் என்ற விடுதியில் கூரையிலிருந்த ஒலியியல் ஃபோம் அதேபோல் பற்றியெரிந்து 242 பேர் இறந்தார்கள். பழைய சோபாவிலும் மெத்தையிலும் இருக்கும் மஞ்சள் ஃபோம் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. எரியும்போது மிக விரைவாகப் பரவி, நச்சுப் புகையைக் கக்கும். ஃபோமைக் கூரையில் ஒட்டக்கூடாது, வாசற்பக்கத்தில் வைக்கக்கூடாது, வேறு பொருள் இருக்கும்போது பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பருத்தித் துணியும் எரியக்கூடியதுதான். கம்பளி அவ்வளவு எளிதில் பற்றாது. கிளாஸ் வூலும் ராக் வூலும் எரிவதில்லை. எதை வைத்தாலும் மின்பிளக்குகள், அடாப்டர்கள், சூடாகும் விளக்குகள் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். கதவுக்குச் செல்லும் வழியில் எதுவும் குறுக்கே நிற்கக்கூடாது.

இடித்த கட்டடத்திலிருந்து எடுக்கும் பொருட்களில் வேறோர் ஆபத்து இருக்கிறது. பழைய கூரைத் தட்டிகளிலும் குழாய் உறைகளிலும் வெப்பக்காப்புப் பொருட்களிலும், மூச்சில் புகுந்தால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கலாம். கண்ணால் பார்த்து அதை உறுதி செய்ய முடியாது, ஆய்வகத்தில்தான் முடியும். எந்தக் காலத்தது, என்ன பொருள் என்று தெரியாத கட்டடக் கழிவைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அண்மையில் பிரித்த கிளாஸ் வூல் என்று நிச்சயமாகத் தெரிந்தால், கையுறையும் முகக்கவசமும் அணிந்து கையாண்டு, நார் உதிராதபடி நெருக்கமான துணியில் முழுவதும் சுற்றிவிட வேண்டும். துணிகளைப் பொறுத்தவரை, துவைத்து, வெயிலில் சுக்காக உலர்த்தி, ஈரவாசனை அறவே இல்லை என்றான பிறகே அறைக்குள் கொண்டுவர வேண்டும். பூஞ்சை பிடித்த துணிமூட்டை, பாடுகிறவரின் மூச்சுக்குக் கேடு.

இனி பலகை செய்யும் முறைக்கு வருகிறேன். 60 சென்டிமீட்டர் அகலம், 120 சென்டிமீட்டர் உயரம், 15 சென்டிமீட்டர் ஆழம் கொண்ட ஒரு மரச்சட்டம் போதும். பழைய அலமாரித் தட்டுகளையோ கட்டில் பலகைகளையோ அறுத்து நான்கு மூலைகளிலும் திருகாணி போட்டால் சட்டம் தயார். பின்புறத்தில் பிளைவுட் அடிக்கக்கூடாது, அடித்தால் பின்னால் விடும் காற்றிடைவெளி பயனற்றுப் போகும். நைலான் வலையையோ குறுக்கும்நெடுக்குமாகக் கட்டிய கயிற்றையோ கொண்டு பின்புறத்தைத் தாங்கச் செய்யுங்கள். துவாலைகளைச் சட்டத்தின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் ஏற்ப மடித்து, அலமாரியில் அடுக்குவதைப் போலக் கீழிருந்து மேலாகப் படுக்கை வாக்கில் அடுக்க வேண்டும். அப்போது மடிப்புகளின் விளிம்புகள் அறையைப் பார்த்து இருக்கும். அடுக்குகளுக்கு இடையே காற்று எளிதாக உள்ளே நுழையும். துணி தன் எடையால் கீழே அமுங்கி, மேலே வெற்றிடம் விழுவதே இந்தப் பலகைகளில் அடிக்கடி வரும் கோளாறு. அதைத் தவிர்க்க ஒவ்வோர் 30 சென்டிமீட்டருக்கும் ஒரு குறுக்குச்சட்டம் அடித்து, அதன் மேல் அடுத்த அடுக்கைத் தொடங்கலாம். முன்புறத்தை மூச்சுச் சோதனையில் தேறிய பழைய பருத்திப் படுக்கை விரிப்பால் இழுத்து மூடி, பின்புறத்தில் ஆணியடித்தால் வேலை முடிந்தது. பளபளப்பான பூச்சுள்ள திரைச்சீலையும் ரெக்சினும் உறைக்கு ஆகாது.

துணி நிறைத்த பலகை எளிதில் 15 முதல் 20 கிலோ வரை கனக்கும் என்பதை முன்கூட்டியே எண்ணிப்பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கூரையிலிருந்து தொங்கவிடவே கூடாது. சுவரில் மாட்டுவதைவிட, அடியில் அகலமான கால்கள் பொருத்தித் தரையில் நிறுத்துவது பாதுகாப்பு. தரையில் நிற்கும் பலகையை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம், சுவரிலிருந்து வேண்டிய தொலைவில் வைக்கலாம், இரண்டு பக்கமும் ஒலியை உறிஞ்சும்.

எங்கே வைப்பது? முதல் இடம் எப்போதும் மூலைகள். 4 மீட்டர் நீளமுள்ள அறையில் 43 ஹெர்ட்ஸிலும், 3 மீட்டர் அகலத்தால் 57 ஹெர்ட்ஸிலும், 2.5 மீட்டர் உயரத்தால் 69 ஹெர்ட்ஸிலும் ஒலி சுவர்களுக்கிடையே நின்று அதிரும். அவற்றின் மடங்குகளிலும் அப்படியே. அந்த அதிர்வுகள் அனைத்துக்கும் அழுத்தம் உச்சமாகும் பொது இடம் மூலை. எந்த அதிர்வும் மூலையைத் தவிர்த்துவிட்டு நிகழ முடியாது. சுவரை ஒட்டிய காற்று அசையாது என்றாலும், மூலையின் குறுக்கே நிற்கும் தடிமனான பொருள் சுவரிலிருந்து தள்ளி, காற்று அசையும் இடத்தை எட்டுகிறது. ஃபோம் அல்லாத ஒற்றை மெத்தை ஒன்றை மூலையின் குறுக்கே செங்குத்தாக நிறுத்தி, பின்னால் உண்டாகும் முக்கோண வெளியில் துணிமூட்டைகளைத் தரையிலிருந்து கூரை வரை தளர்வாக நிரப்புவது, உழைப்புக்கு மிகுந்த பலன் தரும் ஒரே வேலை என்று சொல்வேன். பிரிக்காத கிளாஸ் வூல் சுருள்கள் கிடைத்தால் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். உறை உச்ச ஒலியைத் திருப்பிவிடும், கீழ் ஒலி அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், மூலைக்கு வேண்டியதும் அதுவே. இத்தனையும் செய்த பிறகும் 43 ஹெர்ட்ஸ் அதிர்வு முழுதாக அடங்காது. ஆனால் 80 ஹெர்ட்ஸுக்கு மேல் அறை தெளிவடைவதைக் காதாலேயே உணரலாம்.

அடுத்தது, ஸ்பீக்கரிலிருந்து சுவரில் பட்டு முதலில் காதுக்கு வந்து சேரும் ஒலி. கேட்கும் இடத்தில் நீங்கள் அமர்ந்துகொண்டு, இன்னொருவரைப் பக்கச் சுவரின் மீது ஒரு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள்; எந்த இடத்தில் ஸ்பீக்கரின் பிம்பம் தெரிகிறதோ அங்கே பலகையை நிறுத்துங்கள். மறுபக்கச் சுவரிலும் அவ்வாறே. கூரையிலும் இதே புள்ளி உண்டு. அங்கே கனமான பலகை வேண்டாம், நான்கு மூலைகளிலும் உறுதியாகக் கட்டிய கம்பளிப் போர்வையைக் கூரையிலிருந்து 20 சென்டிமீட்டர் கீழே விரித்தால் போதுமானது.

எத்தனை பலகைகள் வேண்டும் என்பதற்குச் சேபினின் கணக்கைப் பார்ப்போம். நம் அறையின் கன அளவு 30 கன மீட்டர். எதிர்முழக்க நேரம் 0.3 விநாடி அளவில் இருந்தால் பேச்சுக்கும் பாட்டுக்கும் வசதி. 0.161 மடங்கு 30-ஐ 0.3-ஆல் வகுத்தால் 16 சதுர மீட்டர் உறிஞ்சுபரப்பு தேவைப்படுகிறது. அறையின் மொத்தப் பரப்பான 59 சதுர மீட்டரில் இது கால் பங்குக்குச் சற்று மேல். வெற்று அறை 0.9 விநாடி முழங்குகிறது என்றால் ஏறத்தாழ 5 சதுர மீட்டர் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். மீதி 11-ஐ நாம் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன பலகை ஒன்றின் முகம் 0.72 சதுர மீட்டர் என்பதால் 15 பலகைகள் என்று கணக்கு வரும். சோபா, கட்டில், துணி அலமாரி, மூலை மெத்தைகள் ஆகியவற்றைக் கழித்தால் ஆறு அல்லது ஏழு பலகைகளில் வேலை முடிந்துவிடும். சிறிய அறையில் கீழ் ஒலிகளுக்கு இந்தச் சூத்திரம் சரிவரப் பொருந்தாது என்றாலும், எவ்வளவு பொருள் சேகரிக்க வேண்டும் என்பதற்கு நல்ல வழிகாட்டி.

ஸ்பீக்கர்களை அறையின் நீளவாக்கில் ஒலிக்கும்படி, இரு பக்கச் சுவர்களுக்கும் சம தொலைவில் வையுங்கள். நீங்கள் அமரும் இடம் முன்சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவில் இருக்கட்டும். நட்டநடுவில், அதாவது 2 மீட்டரில், 43 ஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய மறைந்துபோகும். அங்கே அமர்ந்து மிக்ஸ் செய்கிறவர் பேஸைக் கூட்டிக்கொண்டே போவார்.

குரல் பதிவில் பரவலாகக் காணும் தவறு, போர்வையை மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுவது. வீடுகளில் பெரும்பாலும் பயன்படும் கார்டியாய்டு மைக் தன் முன்பக்கத்தைத்தான் நன்றாகக் கேட்கும், பின்பக்கத்தை மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். அதன் முன்பக்கம் இருப்பது பாடுகிறவரும், அவருடைய முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரும். எனவே தடிமனான பொருள் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். இரண்டு பலகைகளை ஆங்கில வி வடிவில் நிறுத்தி, அதற்கு முதுகு காட்டி நின்று பாடச் செய்யலாம். அல்லது துணி நிறைந்த அலமாரியின் கதவுகளை விரியத் திறந்து, அதற்கு முன் நிற்கச் சொல்லலாம். அலமாரிக்கு உள்ளேயே நுழைந்து பாடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அத்தனை குறுகிய இடத்தில் குரலின் நடு ஒலிகளிலேயே அதிர்வு குவிந்து, பெட்டிக்குள் பேசியதைப் போன்ற குரல் பதிவாகும்.

புத்தக அலமாரியைப் பின்சுவரில் வைக்கலாம். வெவ்வேறு ஆழத்தில் அடுக்கிய புத்தகங்கள் ஒலியை ஓரளவு சிதறடிக்கும். 1970-களில் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் வகுத்த கணித முறைப்படி மரத்துண்டுகளை வெட்டி, ஒலியைப் பல திசைகளில் சிதறடிக்கும் சிதறலகம் செய்வோரும் உண்டு. ஆனால் அதிலிருந்து காது நல்ல தொலைவில் இருந்தால்தான் பயன் தெரியும் என்பதால், 4 மீட்டர் அறையில் அந்த மரத்தை உறிஞ்சும் பலகைகளுக்குச் சட்டமாக்குவதே மேல்.

ஒவ்வொரு கட்டத்திலும் சோதித்துக்கொண்டே போங்கள். அறையின் நடுவில் நின்று கைதட்டினால் டிர்ரென்று அதிரும் ஓசை கேட்டால், எதிரெதிரான இரண்டு வெற்றுச் சுவர்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன என்று அறியலாம்; ஏதேனும் ஒன்றை மூடினால் அது நின்றுவிடும். கீழ் ஒலிக்குக் கைதட்டல் உதவாது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு மைக்கும் இருந்தால், எந்த அதிர்வெண் எத்தனை நேரம் நீடிக்கிறது என்பதைப் படமாகவே காணலாம். பலகைகள் வைக்கும் முன் ஒரு முறையும், மூலைகளை நிரப்பிய பின் ஒரு முறையும், எல்லாம் முடிந்த பின் ஒரு முறையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

கீழ் ஒலி அடங்குவதற்குள் உச்ச ஒலி அளவுக்கு மீறி அடங்கி, அறை காதை அடைத்ததைப் போலத் தோன்றினால், பலகைகளைக் குறைக்க வேண்டாம். பழைய சரக்குத் தட்டுகளிலிருந்து பிரித்த மெல்லிய மரப்பட்டைகளை, சில பலகைகளின் முகப்பில் பட்டைக்குப் பட்டை இடம் விட்டு அடியுங்கள். மரத்தில் படும் உச்ச ஒலி அறைக்கே திரும்பும், கீழ் ஒலி மரத்தைச் சுற்றி உள்ளே போய்விடும். பின்சுவரில் இருக்கும் பலகைகளில் முதலில் இதைச் செய்து கேட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் பக்கச் சுவர்களுக்கு வாருங்கள். கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்த இடங்களிலும், பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னாலும் நிற்கும் பலகைகளில் மரப்பட்டை அடிக்க வேண்டாம்.